சுவரில் இருப்பதை வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி

முதலில் ஒரே ஒரு சுவரைப் பிடியுங்கள். ஊரெல்லாம் சுற்றி நூறு போட்டோ எடுக்கிற வேலை அப்புறம் இருக்கட்டும். வேலைக்கோ, காலேஜுக்கோ, சந்தைக்கோ நீங்கள் தினமும் போகிற வழியில், கண்ணில் பட்டும் படாமலும் கடந்துபோகிற ஒரு சுவர் கட்டாயம் இருக்கும். அது பெரிய ஓவியமாக இருக்கத் தேவையில்லை. உரக்கடைச் சுவரில் ஒரு வாழைக்குலை, பேக்கரி ஷட்டரில் ஒரு கேக், சலூன் கண்ணாடியில் ஒரு மீசைக்காரர், பள்ளிக்கூடக் காம்பவுண்டில் ஒரு வள்ளுவர், லாரிக்குப் பின்னால் ஒரு தாமரை, எதுவானாலும் சரி. நாம் தெரு ஓவியம் என்றாலே பெரிய நகரத்தில் கிரேன் வைத்து வரைவதை மட்டும்தான் நினைத்துக்கொள்கிறோம். கொங்கு நாட்டில் கையால் வரைந்தது இன்னும் தெருவுக்குத் தெரு இருக்கிறது, அதைத்தான் நான் சேகரிக்கிறேன்.

எனக்கு அந்தச் சுவர் ஒரு காளை. திருப்பூரிலிருந்து காங்கேயம் போகிற ரோட்டில் ஒரு மாட்டுத்தீவனக் கடையின் பக்கச் சுவர், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மயிலைக் காளை, கீழே கடையின் பேர், ஓரத்தில் வரைந்தவரின் 'ஆர்ட்ஸ்' என்று முடிகிற கையெழுத்தும் பாதி அழிந்த ஒரு போன் நம்பரும். நான் பனியன் பிரிண்டிங்குக்கு டிசைன் போடுகிறவன். நாலு வருஷம் பஸ்ஸில் அந்தச் சுவரைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாள்கூட இறங்கியதில்லை. ஆபீஸில் உட்கார்ந்து, உலகமே தேடுகிற அதே படங்களை நானும் கம்ப்யூட்டரில் தேடி, அதே புலி, அதே மண்டையோடு, அதே பனைமரம் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆர்டர் கொடுக்கிற பையரிடமிருந்து 'இதைத்தான் எல்லோரும் அனுப்புகிறார்கள்' என்று பதில் வந்த வாரம், அந்தக் கடை முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

போய் நின்றதும் போனை எடுக்காதீர்கள், இது முக்கியம். போட்டோ எடுத்துவிட்டால் 'சரி, கிடைத்துவிட்டது' என்று மனசு கிளம்பிவிடும். பத்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். பக்கத்துக் கடையில் ஒரு டீ வாங்கிக்கொள்ளுங்கள், நிற்க ஒரு காரணமும் ஆச்சு. முதலில் தூரத்திலிருந்து பாருங்கள், அப்புறம் கிட்டே போய் மூக்கு சுவரில் படுகிற அளவுக்குப் பாருங்கள். எந்தக் கோடு முதலில் போட்டது, எது அதற்கு மேல் வந்தது, பிரஷ் எங்கே அழுத்தியிருக்கிறது, எங்கே பெயிண்ட் தீர்ந்து கோடு வறண்டிருக்கிறது, எங்கே வழிந்ததைத் துடைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

அந்தக் காளையில் நான் பார்த்தது இது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாசம் போல ஆகும்போது நிறம் மாறிச் சாம்பலாகும், காளைக்குத் திமிலும் கழுத்தும் முன்பக்கமும் கறுத்து நிற்கும். நம்மூர்க்காரர்களுக்கு இது தெரியாததில்லை. ஆனால் காங்கேயம் காளை என்று போட்டுவிட்டு முழுக்க வெள்ளை மாட்டை வரைந்த சுவர்களும் நிறைய உண்டு. இந்த ஓவியர் மாட்டோடு பழகியவர். திமிலில் கறுப்பை வைத்து அதைக் கழுத்து வரைக்கும் இழுத்து, வயிற்றுக்கு வரும்போது தண்ணீர் கலந்து நீர்த்துப்போக விட்டிருந்தார். கொம்பு இரண்டும் ஆளுக்கொரு கோடு, திருத்தலே இல்லை. நான் அரை மணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன்: காளையின் உடம்பில் வெள்ளை பெயிண்டே கிடையாது. வெளுப்பாகத் தெரிந்த இடமெல்லாம் சுவரில் முன்பே அடித்திருந்த சுண்ணாம்பு. அதைத் தொடாமல் விட்டுவிட்டு, சுற்றிலும் நிழலை மட்டும் வைத்து மாட்டை வெளியே கொண்டுவந்திருந்தார். கறுப்பு ஒன்று, மூக்கணாங்கயிற்றுக்குச் சிவப்பு ஒன்று, மொத்தமே இரண்டு கலர்.

பிரிண்டிங்கில் இருப்பவர்களுக்கு இது என்ன விஷயம் என்று உடனே புரியும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன், கலர் ஏற ஏறச் செலவும் ஏறும், துணியும் கனத்துப்போய் நெஞ்சில் பிளாஸ்டிக் ஒட்டினமாதிரி ஆகிவிடும். நான் அதுவரை வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளைக்கு ஒரு ஸ்கிரீன் போடுகிறவன். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, துணியின் நிறத்தையே உடம்பாக விட்டுவிட்டு, ஒரே கலரில் நிழலை மட்டும் வைத்து ஆட்டுக்குட்டி ஒன்று போட்டுப் பார்த்தேன். குழந்தைகள் பனியனுக்குப் போன அந்த டிசைனில் காளையும் இல்லை, காங்கேயமும் இல்லை. சுவரிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு வேலைமுறை. ஆகவே ஒரு சுவரைப் பார்க்கும்போது 'இது அழகாக இருக்கிறதா' என்பதோடு நிறுத்தாமல், 'இவர் எதைச் செய்யாமல் விட்டார்' என்றும் கேளுங்கள். எனக்கு இதுவரை நல்ல யோசனைகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியிலிருந்துதான் வந்திருக்கின்றன.

நோட்டு முதலில், போன் அப்புறம்

பையில் என்ன வைத்துக்கொள்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கோடு போடாத சின்ன நோட்டு, இரண்டு பென்சில், மூன்று மீட்டர் டேப், போன், அப்புறம் ஒரு ஷேடு கார்டு. பெயிண்ட் கடையில் கேட்டால் கொடுப்பார்களே, அதேதான். சுவரில் இருக்கும் நிறத்துக்குப் பக்கத்தில் கார்டை வைத்து, எந்தக் கட்டம் ஒத்துவருகிறதோ அதன் நம்பரை நோட்டில் எழுதிவிடுங்கள். போன் கேமரா நிறத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும், மத்தியான வெயிலில் ஒரு நீலம், பொழுது சாயும்போது இன்னொரு நீலம். கார்டு நம்பர் மாறாது. வெயிலில் வெளுத்த பழைய சுவர்களின் நிறம் புதுப் பெயிண்டில் கிடைக்காத நிறம், அதற்கு அருகில் வருகிற இரண்டு கட்டங்களைச் சேர்த்து எழுதினால் பிறகு கலக்கிக்கொள்ளலாம்.

நோட்டில் வரையுங்கள். 'எனக்கு வரைய வராதே' என்று சொல்லாதீர்கள், இது யாரிடமும் காட்டுவதற்கு இல்லை. அந்தக் கோட்டை உங்கள் கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் என் போன் தண்ணீரில் விழுந்து, அதிலிருந்த இரண்டு வருஷத்துப் போட்டோ மொத்தமும் போனது. அழாத குறை. ஆனால் ஒரு வாரம் கழித்து உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோது, நோட்டில் வரைந்த சுவர்கள் எல்லாம் எனக்கு இடம், நிறம், கோடு உட்பட ஞாபகத்தில் இருந்தன. போட்டோ மட்டும் எடுத்தவற்றில் பாதி எந்த ஊர் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அதிலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டேன், வரையாமல் போட்டோ எடுப்பதில்லை. போட்டோவையும் மாசத்துக்கு ஒருமுறை வேறொரு இடத்தில் காப்பி போட்டு வைக்கிறேன், நீங்களும் வையுங்கள்.

போட்டோவுக்கு மூன்று எடுத்தால் போதும். ஒன்று தூரத்திலிருந்து, சுவர் எந்தத் தெருவில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிகிறமாதிரி. இரண்டாவது ஓவியம் முழுசும், சுவருக்கு நேர் எதிரே நின்று, போனைச் சாய்க்காமல். மூன்றாவது கிட்டே போய்ப் பிரஷ் தடம் தெரிகிறமாதிரி. முழுப் படத்தைச் சுவரில் நிழல் விழுந்திருக்கும் நேரத்தில் எடுங்கள், கிழக்குப் பார்த்த சுவரென்றால் மத்தியானத்துக்கு மேல், மேற்குப் பார்த்ததென்றால் காலையில். கிட்டத்துப் படத்துக்கு மட்டும் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழவேண்டும், அப்போதுதான் சுண்ணாம்பின் மேடுபள்ளமும் பெயிண்ட்டின் கனமும் தெரியும். எடுத்ததும் அங்கேயே தேதி, ஊர், ரோடு, சுவர் பார்த்த திசை, கையெழுத்தில் என்ன இருந்தது, எந்த நிலையில் இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் எழுத மாட்டோம்.

எங்கே தேடுவது

கோவையில் இருப்பவர்கள் உக்கடத்திலிருந்து தொடங்கலாம். 2014இல் தொடங்கிய ஸ்டார்ட் இந்தியா என்கிற அமைப்பு டெல்லியில் லோதி காலனியிலும் சென்னையில் கண்ணகி நகரிலும் செய்தமாதிரி, இங்கே உக்கடத்தில் வீட்டுவசதிக் குடியிருப்புகளின் சுவர்களில் மாடி உயரத்துக்கு ஓவியங்களை வரையவைத்தது. இவ்வளவு பெரிய சுவரில் அளவு பிசகாமல் எப்படி வரைகிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். கட்டம் போட்டு வரைவது பழைய முறை. இப்போது பல பேர் செய்வது வேறு: சுவர் முழுக்க முதலில் கண்டபடி கிறுக்கிவிடுவார்கள், எழுத்து, சுழி, பெருக்கல் குறி என்று எது வேண்டுமானாலும். அதைப் போட்டோ எடுத்து, அதன்மேல் தங்கள் டிசைனைப் போனில் வைத்துப் பார்ப்பார்கள். 'மூக்கின் நுனி இந்தச் சுழிக்குப் பக்கத்தில் வருகிறது' என்று தெரிந்துவிடும், லிஃப்ட்டில் மேலே நிற்கும்போது முழுப் படமும் கண்ணுக்குத் தெரியாது, கிறுக்கலை வைத்துத்தான் இடம் கண்டுபிடிப்பார்கள். வீட்டில் ஒரு சுவரில் நீங்களே வரைய ஆசைப்பட்டால் இந்த முறையைச் செய்து பாருங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செய்யலாம். அங்கே போகும்போது ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: அது ஆட்கள் குடியிருக்கும் இடம். ஜன்னலும், காயப்போட்ட துணியும், வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் உங்கள் சேகரிப்பில் சேர்ந்தவர்கள் இல்லை. கேட்டுவிட்டு எடுங்கள்.

எனக்கு உக்கடத்தைவிட மனசுக்குப் பிடித்தது நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம். லாரி பாடி கட்டுகிற ஊர் நாமக்கல், போர்வெல் போடுகிற ரிக் வண்டி ஊர் திருச்செங்கோடு, பஸ் பாடிக்குக் கரூர். ஒரு வண்டிக்குப் பெயிண்டர் வேறு, எழுத்துக்காரர் வேறு, பூ வேலை செய்கிறவர் வேறு என்று இருப்பார்கள். முகப்பில் குலதெய்வத்தின் பேர், பக்கத்தில் பிள்ளைகள் பேர், பின்னால் தாமரை, கழுகு, பசுவும் கன்றும், கண்திருஷ்டி முகம். ஓடுகிற வண்டியைத் துரத்திப் போட்டோ எடுக்க வேண்டாம், ஆபத்து, படமும் வராது. எஃப்சிக்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்றுக்கு, நிற்கிற வண்டியைப் பாருங்கள். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் பெயிண்ட் அடித்துப் புதுசாக்குவது வழக்கம், அப்போது பட்டறையில் வேலை நடப்பதையே உட்கார்ந்து பார்க்கலாம். வண்டி எந்தப் பக்கத்தது என்று நம்பர் பிளேட் சொல்லும்: டிஎன் 28 நாமக்கல், 34 திருச்செங்கோடு, 52 சங்ககிரி, 33 ஈரோடு, 47 கரூர். பதிவான ஊர்தான் இது, பெயிண்ட் வேறு ஊரில் அடித்திருக்கலாம், அதனால் டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊர் ஊராக வைத்துப் பார்க்கும்போது இந்த ஊர்க்காரர்கள் இதழை இப்படி மடக்குவார்கள், அந்த ஊர்க்காரர்கள் எழுத்துக்கு நிழலை வலது பக்கம் வைப்பார்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும்.

கோலத்தை விட்டுவிடாதீர்கள். தெருவில் போட்டு அன்றைக்கே அழிகிற ஓவியம் அது, மார்கழியில் விடிகாலை ஐந்தரைக்கு ஒரு தெருவை நடந்தால் இருபது வாசல் பார்க்கலாம். போட்டோவைவிடப் புள்ளிக் கணக்கை எழுதுவதுதான் இதற்குச் சரியான சேகரிப்பு. '15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி' என்று எழுதினால் போதும், நடுவில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8, மொத்தம் 169 புள்ளி, பத்து வருஷம் கழித்தும் அதே கோலத்தைத் திரும்பப் போடலாம். போட்டவரிடமே 'எத்தனை புள்ளிங்கக்கா' என்று கேளுங்கள். இதுவரை யாரும் எனக்குச் சொல்லாமல் விட்டதில்லை, ஒரு அக்கா கையிலிருந்த கோலமாவாலேயே ஓரத்தில் சின்னதாக இன்னொன்று போட்டு, சிக்கு எங்கே திரும்புகிறது என்று காட்டிக்கொடுத்தார்.

பொங்கல் சமயத்தில் உடுமலைப் பக்கம் போக முடிந்தால் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். மாடு கன்று நன்றாக இருக்க வேண்டும் என்று சனங்கள் மண்ணில் செய்த உருவாரங்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். வர்ணம் பூசிய அந்தச் சின்ன மாடுகளில் கண் வைத்திருக்கிற விதத்துக்காகவே போகலாம். வரைந்துகொண்டு வாருங்கள், வேண்டுதலாக வைத்ததை எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

இதற்கெல்லாம் மூத்த சுவர் கோவைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குமிட்டிபதியில் பதிமலைப் பாறையில் வெள்ளை நிறத்தில் வரைந்த பழங்கால ஓவியங்கள், அதில் ஒரு யானை. அங்கே போய் வந்தவர்கள் தங்கள் பேரையும் காதலியின் பேரையும் கிறுக்கிவைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். தொடாதீர்கள், தண்ணீர் தெளித்துப் பளிச்சென்று காட்டி எடுக்காதீர்கள், சாக்பீஸால் ஓரம் வரையாதீர்கள். பார்த்துவிட்டு நோட்டில் வரைந்துகொண்டு இறங்குங்கள்.

வரைந்தவரைத் தேடிப் போங்கள்

இதைச் செய்யாமல் சேகரிப்பு பாதிதான். காளைச் சுவரில் போன் நம்பரின் கடைசி இரண்டு எண் அழிந்திருந்தது. கடைக்காரரைக் கேட்டேன், 'அவுரு இப்பக் கோயில் வேலைல இருக்காருங்க' என்று ஒரு ஊர்ப் பேர் சொன்னார். பிளக்ஸ் வந்ததும் சுவர் வேலை குறைந்துபோய், நிறையப் பேர் கும்பாபிஷேகத்துக்குப் பஞ்சவர்ணம் தீட்டுகிற வேலைக்குப் போய்விட்டார்கள். சாரத்துக்குக் கீழே நின்று காத்திருந்தேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கினார். நோட்டைக் காட்டினதும், 'ஏனுங் தம்பி, இதையெல்லாமா வரைஞ்சுக்கிட்டு வருவாங்க' என்று சிரித்தார். அப்புறம் நோட்டை வாங்கி, என் காளையின் முதுகில் விரலை வைத்தார். 'கொம்புல ஆரம்பிச்சிருக்கீங்க. திமில்ல ஆரம்பிக்கோணும் தம்பி. திமில்ல வெச்சு வால் வரைக்கும் ஒரே இழுப்பு, கை நிக்கக்கூடாது. அது சரியா உக்காந்துட்டா மத்ததெல்லாம் தானா வந்து சேரும். கண்ணு கடைசீல.'

சுண்ணாம்பை ஏன் அப்படியே விட்டீர்கள் என்று கேட்டேன். வெள்ளை டப்பாவுக்கு யார் காசு கொடுக்கிறது, சுவரே வெள்ளைதானே என்றார். நான் பெரிய நுணுக்கம் என்று நினைத்தது அவருக்குச் சிக்கனம். ஆனால் அந்தச் சிக்கனத்தை வைத்து இப்படி ஒரு மாட்டை நிறுத்த முப்பது வருஷக் கை வேண்டும்.

போய்ப் பேசும்போது வெறும் கையோடு திரும்பாதீர்கள், வேலை கொடுங்கள். ஒரு அடிக்கு இரண்டடி தகரத்தில் உங்கள் வீட்டுப் பேரையோ, அப்பாவின் பேரையோ, பிடித்த ஒரு பூவையோ எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள், கீழே அவர் கையெழுத்தைப் போடச் சொல்லுங்கள். நூலில் கலர்ப்பொடி தடவிச் சுண்டிவிட்டுக் கோடு அடிப்பது, எழுத்தை முதலில் சாக்பீஸில் வைத்து இடம் பிரிப்பது, 'ழ'வின் வாலை எப்படித் திருப்புவது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். காசு கொடுத்து நேர்மையாகச் சொந்தமாக்கிக்கொள்கிற தெரு ஓவியம் இதுதான். என் வீட்டில் இப்படி ஏழு பலகை இருக்கிறது.

பழைய பலகைகளும் கிடைக்கும். பழைய இரும்புக் கடையில் கடைப் போர்டு, லாரியின் பின்கதவுப் பலகை எல்லாம் எடைக்குப் போகும், சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார்கள். வாங்கினதும் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், ஓவியமே கையோடு வந்துவிடும். காய்ந்த துணி, ரொம்ப அழுக்கென்றால் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, அதற்கு மேல் வேண்டாம். ஓதம் ஏறுகிற சுவரில் சாத்திவைக்காதீர்கள், நேர் வெயிலும் கூடாது. உரிகிற பெயிண்டைச் சுரண்டவே சுரண்டாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்கிற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் நிறைய இருக்கலாம். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

சுவரொட்டி சேகரிப்பவர்களுக்கு ஒன்று. சுவரிலிருந்து உரிக்காதீர்கள், ஒட்டுகிறவரிடமோ அச்சகத்திலோ ஒட்டாத பிரதி கேளுங்கள். மைதாப் பசை ஏறிய தாளை வீட்டுக்குள் கொண்டுவந்தால் ராமபாணப் பூச்சியும் கூடவே வரும்.

சட்டத்தில் இரண்டு விஷயம்

நீங்கள் வரையப் போகிறீர்கள் என்றால் சுவர்க்காரரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று திருப்பூர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில், பொது இடத்தில் நிரந்தரமாக வைத்திருக்கும் சிலையைப் போட்டோ எடுத்து வெளியிட விலக்கு உண்டு. சுவரில் வரைந்த ஓவியம் அந்த விலக்கில் வராது. உங்கள் நோட்டில் வரைந்து பழகுவதற்கும், நீங்களே வைத்துப் பார்ப்பதற்கும் தடையில்லை. அதே ஓவியத்தை அப்படியே பனியனில் அடித்து விற்றால் அது அடுத்தவர் உழைப்பைத் திருடுவது, வரைந்தவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கிறது. காசு கொடுத்து வரையச் சொன்னவரிடமே உரிமை இருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் இரண்டு பேரிடமும் கேளுங்கள், எழுதி வாங்குங்கள், தொகையும் கொடுங்கள். பெரும்பாலும் அந்த அவசியமே வராது. திமிலிலிருந்து வால் வரை போகிற ஒரே இழுப்பை யாரும் யாரிடமிருந்தும் திருட முடியாது, அதை உங்கள் கை கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

திரும்பத் திரும்பப் போவது

சேகரித்ததை வருஷவாரியாகவோ ஊர்வாரியாகவோ அடுக்கலாம். நான் அடுக்குவது சுவர்வாரியாக: ஒரு சுவருக்கு ஒரு கவர், அதற்குள் ஒவ்வொரு தடவை போனபோதும் எடுத்தது. மூன்று மாசத்துக்கு ஒருமுறை அதே சுவருக்குப் போங்கள், அதே இடத்தில் நில்லுங்கள், அதே அளவில் எடுங்கள். முதல் தடவை காளையைப் பார்த்தேன். இரண்டாவது தடவை எழுத்தைப் பார்த்தேன், 'தீவனம்' என்பதில் நெடிலின் சுழி கொம்பின் வளைவிலேயே போட்டிருந்தது. மூன்றாவது தடவை மழைக்குப் பிறகு, கீழ்ப்பகுதியில் சுண்ணாம்பு கரைந்து குளம்பு மறைந்திருந்தது, மாடு புழுதியில் நிற்கிறமாதிரி ஆகியிருந்தது. அந்தப் புழுதியை வைத்து இன்னொரு டிசைன் போட்டேன். ஒரே சுவரில் நாலு முறை வேலை இருக்கிறது, புது இடம் தேடி ஓடுகிறவர்களுக்கு இது கிடைக்காது.

எடுத்ததில் ஒரு பிரிண்ட் போட்டுச் சுவர்க்காரருக்குக் கொடுங்கள். தீவனக் கடைக்காரர் தன் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறார், 'வருஷம் பூராப் பாத்தமுங்க, இத்தனை அழகுன்னு தெரியலீங்க' என்றார். ஓவியருக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். தான் வரைந்ததில் ஒன்றுக்குக்கூட அவரிடம் போட்டோ கிடையாது.

போன வைகாசியில் அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்து வேறொரு விளம்பரம் எழுதிவிட்டார்கள். சுவர் கடைக்காரருடையது, வாடகை வருகிறது, அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் சுவருக்கும் இது நடக்கும். நடந்ததும் கவரை மூடிவிடாதீர்கள். வெள்ளை அடித்த சுவரையும் அதே இடத்தில் நின்று எடுங்கள், தேதி போடுங்கள், புதிதாக எழுதியவரின் கையெழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை முடிந்து நான் போனபோது புதுச் சுண்ணாம்பு மெலிந்து, எழுத்துக்கு நடுவில் திமிலின் கறுப்பு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. கொம்பு இன்னும் தெரியவில்லை. தை பிறந்ததும் மறுபடி போக வேண்டும்.